கருந்துளசிக் கூட்டம்

வியாழக்கிழமை மாலை நாலு மணி இருக்கும். எங்கள் பல்கலைக்கழக வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். ஒரு ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரா என்று கேட்கிறவர் சென்னைக்குப் புதியவர்.

கடைசியாக இறங்கிய அம்மாள் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. தி. நகரில் பட்டுப்புடவை எடுத்தால் கொடுப்பார்களே, அந்தப் பெரிய பை. உள்ளே புடவை இல்லை. கழுத்து வரை துளசி. வாசல் முழுக்க மணத்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சும்மா நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"சார், துளசி மீட்டிங் எங்க சார் நடக்குது?"

"அப்படி ஒண்ணும் இங்க இல்லையேம்மா. இன்னிக்கு இங்க விஞ்ஞானப் பேச்சு."

"இன்னா சார், போர்டு வச்சிட்டு இல்லன்றீங்க!" கூட வந்த ஒருத்தி என் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "தேசம்மாக்கா, இங்கதான்க்கா. எழுதிக்கீது பாரு."

அண்ணாந்து பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பேனருக்குக் கீழேதான் போய் வந்துகொண்டிருந்தேன். பத்தடி நீளம். நீல வானம், சிதறிய நட்சத்திரங்கள். அதன் நடுவில் முழ உயர எழுத்தில், "கருந்துளசி: அனைத்தையும் விழுங்கும் விந்தை. பேசுபவர்: முனைவர் தே. ரேவதி."

இருக்க வேண்டியது கருந்துளை. வெளிச்சத்தைக்கூட விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளுமே, வானத்துச் சமாச்சாரம், அது. கருந்துளசி என்பது சளிக்குக் கஷாயம் வைக்கிற செடி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை அளக்க ரேவதியின் கணக்குதான் வேண்டும்.

"பேசப்போறது எம் பொண்ணுதான் சார்," என்றார் தேசம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "இத்தினி வர்சமா இன்னா படிக்கிறன்னு கேட்டா வானம், நட்சத்திரம்னு இன்னாத்தயோ சொல்லும். ஒரு எழவும் புரியாது. கடசில பாத்தா, என் தொட்டில கீற செடிய பத்திப் படிச்சிக்கீது!"

அந்தப் பேனரை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

சிவப்புப் பேனாக்காரன்

போன வாரம் இதே பத்தியில் எங்கள் அலுவலக லிஃப்ட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எழுத ஆரம்பித்த நாளிலிருந்து மற்றவர் தப்பையே சொல்லி வருகிறீர்களே, உங்கள் தப்பு ஒன்றுகூடக் கிடையாதா?" ஐயா, இந்த வாரம் உங்களுக்காக.

பல்கலைக்கழகம் அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களில் என்னைத் தவிர எல்லோரும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அங்கே தமிழ்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு மேசை, ஒரு அலமாரி, நான். முப்பது வருஷம் அங்கே உட்கார்ந்து பிழை திருத்தினேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும்.

அலுவலகத்தில் திருத்தியதோடு விட்டிருந்தால் நாலு பேருக்கு நல்லவனாக இருந்திருப்பேன். ராயப்பேட்டையில் எங்கள் தெருமுனை பிரியாணிக் கடையில் "சிக்கன் வருவல்" என்று எழுதியிருந்தது. "வறுவல்னா வல்லின றகரம் போடணும். இப்படிப் போட்டா யாரோ வரப்போறாங்கன்னு அர்த்தம்" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வரட்டும் பாய், யாரு வந்தாலும் சாப்பாடு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். வருவல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதே கடையில்தான் சாப்பிடுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து என் மனைவி பரீதாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை மணமகன் வீட்டார் எதிரிலேயே பத்திரிகையில் ஏழு இடத்தில் சுழித்தேன். அதில் ஒன்று மணமகன் பெயர். அன்றைக்குப் பரீதா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு நாளைக்கு நீங்களும் தப்பா எழுதுவீங்க. அன்னிக்கு ஊரே படிக்கும், பாருங்க."

அவள் வாய்க்குச் சர்க்கரை போடத்தான் வேண்டும்.

ஐந்து நாள் கச்சேரி

அறிவியல் வாரம் என்பது எங்கள் இயற்பியல் பேராசிரியர் சுந்தரேசனின் கனவு. கொரோனா ஓய்ந்திருந்த சமயம். "மக்களுக்கு விஞ்ஞானம் போய்ச் சேரணும் அன்வர், அதுவும் தமிழில் போய்ச் சேரணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் மாலை ஐந்து மணிக்கு ஒரு பேச்சு. யார் வேண்டுமானாலும் வரலாம். டீயும் சுண்டலும் உண்டு.

சுண்டல் என் யோசனை. மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்கள் பாடகர் யார் என்று கேட்பதற்கு முன் கேன்டீன் யார் என்று கேட்பதைப் பார்த்தவன் நான்.

முதல் நாள் ரோபோ. அரங்கம் நிறைந்தது. ரோபோ நாற்காலியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள். இரண்டாம் நாள் பாம்பு. நின்றுகொண்டு கேட்டார்கள். பாம்பைக் கொண்டுவரவில்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கணிதம். பேசியவர் பகா எண்களின் அழகைச் சொல்லி அவரே கண் கலங்கினார். கேட்டவர்களில் பாதிப் பேர் ஏசிக்காக வந்து நன்றாகத் தூங்கினார்கள்.

மூன்று நாளும் முதல் வரிசையில் இருந்தவர் மைதிலி மாமி. பிறந்தது மயிலாப்பூர், வாக்கப்பட்டது அடையாறு. ஒரு நோட்டு, ஒரு ஃபிளாஸ்க், ஒரு சால்வை. எல்லாப் பேச்சையும் குறித்துக்கொள்வார். கணிதம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"பேச்சு பிரமாதம். ஆனா சுண்டல்ல உப்பு ஒரு கல்லு கம்மி. நாளைக்குச் சொல்லிடுங்கோ. நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தி வரும்."

"எப்படிச் சொல்றீங்க மாமி?"

"என்ன இப்படிக் கேட்கறேள்? நோட்டீஸ் பேப்பரோட சேர்ந்து எல்லா ஆத்துக்கும் வந்துடுத்தே. சளி, சுகர், பிரஷர் அனைத்தையும் முழுங்கிடும்னா யார்தான் வராம இருப்பா?"

கணிதம் கேட்டுக் களைத்துப்போய் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வார்த்தை கேட்டு வந்தவர்

முனைவர் ரேவதிக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். இயற்பியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். வெளிநாட்டில் கருந்துளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர். தமிழில் பேசச் சம்மதித்த பிறகு, வார்த்தை கேட்டு என் மேசைக்கு வந்தார். பெயருக்கு முன்னால் இருந்த 'தே' என் கண்ணை உறுத்தியது.

"தே என்றால் தேவராஜா, தேசிகனா? முழுசாப் போட்டுடலாமே."

"தே போதும் சார்," என்று சிரித்தார்.

உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தோம். நான் என் அலமாரியைத் திறந்து ஈர்ப்பு விசை, நிகழ்வெல்லை (தாண்டினால் வெளிச்சமும் திரும்பாத கோடு), ஒருமைப்புள்ளி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் தயங்கினார்.

"இதெல்லாம் அழகா இருக்கு சார். ஆனா எங்கம்மாவுக்குப் புரியுமா?"

"அம்மா வராங்களா?"

"முதல் தடவையா வராங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆற்றோரத்தில் குடிசை. அம்மா வீட்டு வேலை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அம்மா வேலைக்கு ஓடுவார், மகள் பள்ளிக்கூடம் ஓடுவார். குடிசைகளை எடுத்தபோது நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி இன்னமும் அடையாறு வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார். மகள் சம்பாதிக்கிறாளே என்று சொன்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது என்கிறார்.

"எங்கம்மா என்னைப் படின்னு மட்டும்தான் சார் சொன்னாங்க. எதைப் படிக்கிறன்னு நாலஞ்சு தடவை கேட்டாங்க. நான் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிட்டு, சாப்பிட்டியான்னு கேட்பாங்க. அப்புறம் அவங்க கேக்கறதை விட்டுட்டாங்க, நான் சொல்றதை விட்டுட்டேன். அக்கம்பக்கத்துல யாராவது கேட்டா 'காலேஜ்ல இன்னாவோ பண்ணுது'ன்னு சொல்றாங்களாம். பத்து வருஷமா என் வேலைக்கு வீட்ல பேர் 'இன்னாவோ'தான் சார். வியாழக்கிழமை சாயங்காலம் அது மாறணும்."

எனக்கு அவர் மேல் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வந்தால் மனிதர்கள் விட்டுக்கொடுப்பார்கள். நான் நிகழ்வெல்லையை விட்டுக்கொடுக்கவில்லை. "கேட்கக் கேட்கப் புரிஞ்சிடும்மா" என்று அழுத்திச் சொன்னேன்.

கட்டைவிரல் செய்த வேலை

நடந்தது இதுதான். பேனர், நோட்டீஸ் இரண்டுக்குமான வாசகத்தை அலுவலகக் கணினியில் அடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். அச்சகத்தார் போன் செய்து "வாட்ஸப்புல அடிச்சு அனுப்பிடுங்க சார், இப்பவே வேணும்" என்றார். கைப்பேசியில் அடித்தேன். 'கருந்து' வரை வந்ததும் மீதியை அதுவே முடித்துக் காட்டியது. எவ்வளவு புத்திசாலி என்று மெச்சி, கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

அதற்கு முந்தின நாள் பரீதா என் கைப்பேசியை வாங்கி ஆதம்பாக்கத்தில் இருக்கும் தன் தங்கைக்குக் கருந்துளசிக் கஷாயம் வைக்கும் விதத்தை அனுப்பியிருந்தாள். ஒரே செய்தியில் பதினோரு கருந்துளசி. பிறகு எண்ணிப் பார்த்தேன். கைப்பேசி அதைப் பாடமாகப் படித்து மனப்பாடம் செய்திருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் நான் பார்த்தேன், சுந்தரேசன் பார்த்தார், ரேவதியும் பார்த்தார். மூன்று பேருக்குள்ளும் கருந்துளை நிரம்பி வழிந்துகொண்டிருந்ததால் மூன்று பேரும் கருந்துளை என்றே படித்தோம். பிழை திருத்தும் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பாலபாடம். இருப்பதைப் படிக்க வேண்டும், இருக்க வேண்டியதைப் படிக்கக்கூடாது. வருகிற இளையவர்களுக்கெல்லாம் இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஊருக்கு இந்தக் கோளாறு எதுவும் இல்லை. ஊர் இருப்பதைப் படித்தது.

மறுபடி வாசலுக்கு

துளசிப் பையோடு நின்ற தேசம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை எந்த வாயால் கெடுப்பது? அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வேல செய்ற வூட்டு மைதிலி அம்மாதான் நோட்டீஸ படிச்சிக் காமிச்சாங்க. நமக்குப் படிக்கத் தெரியாது சார். 'தேசம்மா, உம் பொண்ணு கருந்துளசியப் பத்திப் பேசறாடி'ன்னாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ப்ளாக்குல எல்லார்க்கும் துளசி குடுக்கிறதே நான்தான். பெயின்ட் டப்பால வச்சிக்கீறேன், அஞ்சு டப்பா. இன்னிக்கு எல்லாத்தையும் கிள்ளிக்கினு வந்துட்டேன், வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு கொத்து குடுக்கலாம்னு. இன்னா சார், குடுக்கலாம்ல?"

"குடுக்கலாம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர்களை அரங்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினேன். ரேவதி சுவரைப் பார்த்து நிகழ்வெல்லை, நிகழ்வெல்லை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுந்தரேசன். நான் ஒரே மூச்சில் கொட்டினேன்.

சுந்தரேசன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ரேவதி முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அதான் காலைல போன்ல, 'ஏன் கண்ணு இத்தினி நாளா சொல்லவே இல்ல'ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "சந்தோஷமா இருந்தாங்களா சார்?"

"ரொம்ப."

"போச்சு," என்றார்.

பிழைக்கு வருந்துகிறோம், விருப்பமில்லாதவர்கள் கிளம்பலாம் என்று அறிவித்துவிடலாம் என்றார் சுந்தரேசன். நான் மேடையேறி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ரேவதி இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "நானே பாத்துக்கறேன்," என்று சொல்லி மேடைக்குப் போனார்.

ஒரு கொத்து

அரங்கம் நிரம்பி, வழியிலும் ஆட்கள் நின்றார்கள். அறிவியல் வாரத்திலேயே பெரிய கூட்டம் அதுதான். பாம்பைத் துளசி ஜெயித்துவிட்டது. எதிர் வரிசையில் ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்திருந்தார். தேசம்மாவும் அவருடைய ஆட்களும் இரண்டாம் வரிசையில். முன்னால் மைதிலி மாமி.

ரேவதி மைக்கைப் பிடித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"யம்மா, பைலேந்து ஒரு கொத்து குடும்மா."

தேசம்மா கூச்சத்தோடு எழுந்து போய்க் கொடுத்தார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் ரேவதி சொன்னார். "நோட்டீஸ்ல ஒரு எழுத்துப் பிழை நடந்துபோச்சு. இன்னிக்கு நான் பேச வந்தது கருந்துளசியைப் பத்தி இல்ல. கருந்துளையைப் பத்தி."

அரங்கத்தில் சலசலப்பு. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். "பிழை என்னுடையது. நான்தான் எழுதினேன். மன்னிச்சுக்கணும்."

மைதிலி மாமி திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மனுஷா தப்புப் பண்றது சகஜம்தான். அதுக்காகப் பத்தடி நீளத்துக்கா?"

சிரித்தார்கள். கால்வாசிப் பேர் கிளம்பினார்கள். பரிசோதனைச் சீட்டுக்காரர் போகிற வழியில் என்னை முறைத்துவிட்டுப் போனார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது தேசம்மாவின் முகம். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் மடியிலிருந்த பையின் வாயை மெல்லச் சுருட்டி மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரேவதி துளசிக் கொத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்த இலை ஏன் கறுப்பா இருக்கு? மேல விழுற வெளிச்சத்துல முக்கால்வாசியை இது எடுத்து வச்சுக்குது. கொஞ்சம்தான் திருப்பித் தருது. அந்தக் கொஞ்சம்தான் நம்ம கண்ணுக்கு வருது. இப்ப, கொஞ்சம்கூடத் திருப்பித் தராத ஒண்ணு இருந்தா அது எப்படி இருக்கும்? அதைத் தேடறதுதான் என் வேலை."

நல்ல தொடக்கம். ஆனால் ஐந்து நிமிஷத்தில் என் வார்த்தைகள் வந்து சேர்ந்தன. ஈர்ப்பு விசை வந்தது. நிகழ்வெல்லை வந்தது. ஒவ்வொரு தடவை அது வரும்போதும் இரண்டாம் வரிசையில் தலைகள் தாழ்ந்தன. எனக்கு மேடையேறி அந்த வார்த்தைகளைப் பிடுங்கிக்கொண்டு வரலாம் போல இருந்தது. தேசம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கில் நின்ற லாரி

பேச்சு முடிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் சுந்தரேசன். முதல் கேள்வி மாமியுடையது. "அப்போ துளசி சுகருக்கு நல்லதா, இல்லையா? அதைச் சொல்லிடுங்கோ, நான் எழுதிண்டுடறேன்." டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று ரேவதி சொல்ல, மாமி அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் யாரும் கை தூக்கவில்லை. சுந்தரேசன் நன்றி சொல்லத் தொண்டையைச் செருமினார். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு கை, போகிற பஸ்ஸை நிறுத்துவது போல உயர்ந்தது.

தேசம்மா எழுந்தார். மைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "அது வாணாம்" என்று தள்ளிவிட்டார்.

"அதுக்குள்ள பூந்த வெளிச்சமே வெளிய வராதுன்ற. அப்ப அது கண்ணுக்கே தெரியாது. தெரியாத ஒண்ண, கீதுன்னு எப்பிடிச் சொல்ற?"

ரேவதி கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். பிறகு, அதைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களின் இயக்கத்தை ஆண்டுக்கணக்கில் கண்காணித்து, அந்தப் பாதைகளிலிருந்து, என்று ஆரம்பித்தார். தேசம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, இரு. நம்ம ஆத்தோரம் இருந்தப்போ தண்ணி லாரி வந்துச்சின்னு எப்பிடித் தெரிஞ்சிக்குவோம்? லாரிய பாத்தா? அது முக்குல நின்னுக்கினு இருக்கும், நம்ம வூட்லேந்து தெரியாது. ஜனம் கொடத்தத் தூக்கினு எல்லாம் ஒரே பக்கமா ஓடும். அத பாத்துட்டு, லாரி வந்துச்சின்னு நானும் கொடத்தத் தூக்கினு ஓடுவேன். நீ பின்னாலயே ஓடியாருவ. அத்தானே சொல்ற?"

ரேவதி கையில் வைத்திருந்த காகிதங்களைக் கீழே வைத்தார். அதுவரை பேசிய தமிழ் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அத்தாம்மா! அதேதான்! லாரி தெரியாது, ஓடுற ஜனந்தான் தெரியும். எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாத்து, லாரி எத்தாம்பெருசுன்னு கணக்குப் போடுறேன். அதாம்மா என் வேல." மேடை விளிம்புக்கு வந்தார். "இத உனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு பத்து வர்சமா தெரியாம கீறேம்மா."

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றார் தேசம்மா. "நீ எங்க கேட்ட?"

அரங்கம் அதிர்ந்தது. கூட வந்த எட்டுப் பெண்களும் எழுந்து நின்று தட்டினார்கள். மாமி சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் 'லாரி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். சுந்தரேசனும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசிய எல்லாக் கூட்டங்களிலும் அந்தத் தண்ணி லாரி வந்தது. தன்னுடைய சொந்தச் சரக்கு போலச் சொல்வார். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் 'ஒரு அம்மா சொன்னாங்க' என்று சேர்த்துக்கொள்வார்.

நிகழ்வெல்லையை அன்றைக்கு ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அது பத்திரமாக என் அலமாரிக்கே திரும்பி வந்தது.

ஒரு திருத்தம்

சுண்டல் கொடுத்த இடத்திலேயே தேசம்மா துளசியும் கொடுத்தார். போகிற எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கொத்து. அப்படியே பை காலியானது. எனக்குக் கொடுக்கும்போது "சளிக்கு நல்லது சார்," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறரை மணிக்கு நான் வெளியே வந்தபோது அவர்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். ரேவதியும் அம்மாவோடு கிளம்பியிருந்தார். வழியில் சேர்ந்துகொண்ட தெரிந்த பெண் ஒருத்தி கேட்டாள். "இன்னாக்கா, துளசி மீட்டிங் முடிஞ்சிச்சா?"

"துளசி இல்லடி. துளை. க-ருந்-து-ளை." தேசம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மேல வானத்துல முக்குல ஒரு லாரி நின்னுக்கினு கீது, கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் ஓடுறத வச்சி எம் பொண்ணு அத கண்டுபுடிக்கிது. கணக்குப் போட்டு. சும்மா இல்ல."

ரேவதி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். 'இன்னாவோ'வுக்குப் பேர் கிடைத்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் தேசம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். எங்கள் நோட்டீஸ்.

"செவுத்துல ஒட்டப்போறேன் சார். தப்பா ஒட்டக்கூடாதுல்ல. திருத்திக் குடுங்க."

பஸ் ஸ்டாப் தூணில் காகிதத்தை வைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எழுத்தைத் திருத்தியிருக்கிறேன். என்னிடம் நேரில் வந்து என் எழுத்தைத் திருத்தச் சொன்னவர் இவர் ஒருவர்தான், அதுவும் படிக்கத் தெரியாதவர். 'ளசி'யை அடித்தேன். மேலே 'ளை' என்று எழுதினேன்.

"வேற எதுனா தப்பு கீதா? பேரெல்லாம் சரியா கீதா?"

படித்தேன். இந்தத் தடவை இருப்பதைப் படித்தேன். முனைவர் தே. ரேவதி.

"சரியா இருக்கும்மா."

"எங்க, காமிங்க." காட்டினேன். அவர் விரல் காகிதத்தில் நகர்ந்து, 'தே'யின் மேல் போய் நின்றது. அந்த ஓர் எழுத்தை மட்டும் யாரோ அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"இது நான்தான் சார்," என்றார்.